இரண்டாம் செருகுவாய்

ஐப்பசி 6, வியாழன்

உரையின் நடுப்பகுதியை எழுதிக்கொண்டிருந்தபோது கணினித் திரை நீலமாயிற்று. எழுதியதெல்லாம் போயிற்று. மாமல்லபுரம் மாநாடு நெருங்கிவிட்டது. “வீடே முதல் மேடை” என்பது எனக்கு அளிக்கப்பட்ட தலைப்பு. சடங்கு நுழையாத வீடு ஒன்றைச் சான்றாகக் காட்ட வேண்டும். என் வீட்டைத்தான் காட்டுவேன். எந்த மேடையில் காட்டாமல் விட்டேன்?

ஐப்பசி 7, வெள்ளி

மறுபடியும் நீலம். மீட்ட கோப்பில் பாதி எழுத்துகள் வெறுங்கட்டங்கள். ஜெபக்குமாரை அழைத்தேன். பகுத்தறிவு இயக்கத்தில் என் பக்கத்து நாற்காலிக்காரன். இக்கணினியை அவனும் நானுமாகத்தான் உறுப்புறுப்பாக வாங்கிக் கூட்டினோம். உள்ளே குனிந்து பார்த்தவன், குடிக்கத் தண்ணீர் கேட்டான். நான் கொண்டுவந்தபோது கைக்குட்டையால் எதையோ துடைத்துக்கொண்டிருந்தான்.

“தூசி, அண்ணாத்த. பக்கத்து மூடியத் தொறந்து போட்டுகினு கீற, உப்புக் காத்து சும்மா வுடுமா?”

புதுப்பட்டினத்துப் புழுக்கத்தில் மூடி வைத்தால் மட்டும் அது பிழைக்குமா?

ஐப்பசி 9, ஞாயிறு

நினைவகச் சோதனை நிரலை ஓட்டினேன். திரை நிறையச் சிவப்பு வரிகள். ஒன்றைக் கொடுத்தால் வேறொன்றைத் திருப்பித் தருகிறது நினைவகம். இரு நினைவகப் பட்டைகளையும் தேர்ந்து வாங்கியவன் ஜெபக்குமார். பழையதை என் தலையில் கட்டிவிட்டானா? தொலைபேசியில் கேட்டேன். கேட்டேன் என்பது மென்மையான சொல், முழங்கினேன்.

“ரெண்டும் புதுசு, அண்ணாத்த. மிஷின எங்கிட்ட குடு. நீ கை வெக்காத.”

ஏன் வைக்கக் கூடாது? எதை ஒளிக்கிறான்?

ஐப்பசி 11, செவ்வாய்

ஒரு பட்டையைக் கழற்றிவிட்டு, மற்றதை, பட்டைகளுக்கென உள்ள இரு செருகுவாய்களில் முதலாவதில் பொருத்திச் சோதித்தேன். பிழை இல்லை. பட்டையை மாற்றினேன். அப்போதும் இல்லை. ஆக, இரண்டும் நல்லவை. இரண்டாம் செருகுவாயில் எதைப் பொருத்தினாலும் சிவப்பு.

கைவிளக்கை அடித்துப் பார்த்தேன். செருகுவாயின் அடியில் காய்ந்த சந்தனம். அதன்மேல் குங்குமம்.

என் வீட்டில்.

ஆயுத பூசையன்று செங்கற்பட்டு மேடையில் நின்று, கருவிக்குப் பொட்டிடும் அறியாமையைக் கிழித்துக்கொண்டிருந்தேன். அதே வேளையில் இங்கே என் மனைவி—

சந்திரம்மா மறுக்கவில்லை. அரிசி களைந்துகொண்டே சொன்னாள்: “ஆமா, வெச்சேன். நீ ராவும் பகலும் கட்டிகினு அழற மிஷினு, அதுக்கு ஒரு பொட்டு வெச்சா இன்னா? சந்தனம் கொஞ்சம் தண்ணியாப் பூட்ச்சு, அவ்ளோதான்.”

எப்போதிலிருந்து இதெல்லாம் என்றேன்.

“கண்ணாலம் கட்டி வந்ததுல இருந்து. அரிசிப் பானைக்குப் பின்னால வெளக்கு கீது. நீ என்னிக்கு அடுப்பாண்ட வந்த, பாக்கறதுக்கு?”

பானையை நகர்த்திப் பார்த்தேன், விளக்கு இருந்தது.

“மாநாட்டுல போய்ச் சொல்லேன், எம் பொண்டாட்டி எம் பேச்சைக் கேக்கமாட்டான்னு. அதுவும் நெசந்தான?”

ஜெபக்குமாருக்கும் தெரியும். அவன் துடைத்தது தூசியை அல்ல. “நீ தண்ணி எடுக்கப் போனப்போ அக்கா கையெடுத்துக் கும்பிட்டுச்சு, அண்ணாத்த. உங்கிட்ட சொல்லி உங்க வூட்ட நான் ரெண்டாக்கணுமா?” என்றான். பழி சுமத்தியபோதும் வாய் திறக்காதவன்.

நான் இன்னா பொம்மையா? என் வூட்டைப் பாருங்க, என் வூட்டைப் பாருங்கன்னு தொண்டை கிழியக் கத்தினேனே— வூட்ல இருந்தவளுக்குத் தெரியும், பக்கத்துல குந்திகினு இருந்தவனுக்குத் தெரியும், எனக்கு மட்டும்—

ஐப்பசி 12, புதன்

நாள் முழுக்கக் கடற்கரையில் நடந்தேன்.

ஐப்பசி 18, செவ்வாய்

ஜெபக்குமார் தானே வந்தான். மெல்லிய தூரிகையால் செருகுவாயைத் துலக்கினான். சோதனையில் ஒரு சிவப்பு வரியும் எழவில்லை. தேநீர் கொடுத்தேன். அவனை மன்னிக்கவுமில்லை, அவனிடம் மன்னிப்புக் கேட்கவுமில்லை. கணினி நன்றாக ஓடுகிறது. உரைதான் ஓடவில்லை.

ஐப்பசி 23, ஞாயிறு

மாநாடு. எல்லா நாட்டு வீடுகளைப் பற்றியும் பேசினேன். என் வீட்டுக்கு மட்டும் வரவில்லை. கூட்டத்தில் ஒருவர் எழுந்தார்: “ஐயா, உங்க வீட்டைப் பத்தி எப்பவும் சொல்லுவீங்களே!”

“என் வீட்டைப் பற்றி இனி என் மனைவிதான் பேச வேண்டும்” என்றேன்.

பந்தல் அதிரக் கைதட்டினார்கள். பெண்ணுரிமை என்று கொண்டார்கள். ஜெபக்குமார் மடியில் கை வைத்தபடி தலை குனிந்திருந்தான்.

ஒரே பேருந்தில்தான் திரும்பினோம். அவன் முன்வாயிலில் ஏறினான், நான் பின்வாயிலில். என் பக்கத்து இருக்கையில் வேறு யாரும் அமராதபடி பையை வைத்திருந்தேன். சதுரங்கப்பட்டினம் தாண்டி எங்கள் ஊர் நெருங்கிய பிறகுதான் எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.