தொட்டிக்குள் சொன்ன சொல்

இன்று காலை ஒரு கப்பலின் அடித்தொட்டியைத் திறந்தோம். மூடி விலகியதும் ஈரத்துருவின் மணம் முகத்தில் அடித்தது. கூடவே நீயும் வந்துவிட்டாய். வரவேண்டாம் என்று எத்தனையோ முறை சொல்லியாயிற்று. கேட்கிற ஆளா நீ?

வெள்ளைக்காரர் விட்டுப்போன துறைமுகப் பட்டறையில் நாம் இருவரும் ஒரே கிழமையில் சேர்ந்தோம். நான் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்துவிட்டு வந்தவன். நீ கிண்ணியாவிலிருந்து தோணியேறி வந்து தொட்டிகளில் துருச் சுரண்டுகிறவன். ஏதாவது வெளிநாட்டுக் கப்பலின் எஞ்சின் அறையில் வேலை எடுக்கவேண்டும், அது ஒன்றுதான் உன் ஆசை. அதற்கு இங்கிலீசு வேண்டும் என்று சாப்பாட்டு நேரமெல்லாம் என் உயிரை எடுத்தாய். ஒருநாள், எங்கேயோ பொறுக்கிய ‘ஆர்டுவஸ்’ என்ற சொல்லோடு வந்து நின்றாய்.

“கஷ்டம் எண்டுதானே கருத்து? பிறகு என்னத்துக்கு ஹார்ட், டிபிகல்ட் எண்டு இத்தினை சொல்லு?”

அகராதி புரட்ட எனக்குப் பொறுமை இல்லை. “துருப்பிடிச்சு இறுகின போல்ட், ஹார்ட். ஸ்பானர் எட்டாத மூலையில இருக்கிற போல்ட், டிபிகல்ட். வெக்கைக்குள்ள குனிஞ்சபடி, தொட்டி முழுக்க ஒவ்வொரு போல்டாக் கழட்டி முடிக்கிறாய் பார், அதுதான் ஆர்டுவஸ். உயிர் போகும், ஆனா முடிக்கலாம். ஏலாத வேலைக்கு அந்தச் சொல் வராது.”

“அப்ப எங்கட உம்மா என்னை வளர்த்தது ஆர்டுவஸ்.”

“அது ஏலாத வேலை. வேற சொல் பார்.”

பிறகு உனக்குக் கன்டீன் பிட்டு ஆர்டுவஸ், என் மூஞ்சை ஆர்டுவஸ். வேலைக்கும் பயணத்துக்கும்தான் அதைச் சொல்லலாம், மூஞ்சைக்குச் சொல்லப்படாது என்று கத்தினேன். “உன்ர மூஞ்சையைப் பார்க்கிறதும் வேலைதான் மச்சான்” என்றாய்.

பிறகு ஒரு வெளிநாட்டுக் கப்பல் பட்டறைக்கு வந்தது. அதன் இரண்டாம் எஞ்சினியர் ஓர் ஆள் தேடுகிறார் என்று கதை. முதல் தொட்டியை முடித்து, தலை முதல் கால் வரை துருவாக நீ ஏறி வந்தாய். உள்ளே எப்படி என்று அவர் ஆங்கிலத்தில் கேட்டார். நெஞ்சை நிமிர்த்தி, “ஆர்டுவஸ், சேர்” என்றாய். டிபிகல்ட் என்றிருந்தால் அது அவருக்கு முறைப்பாடாகக் கேட்டிருக்கும். இந்தச் சொல்லில் அவருக்கு உன் தெம்பு கேட்டது. உன் தோளில் தட்டி, அப்போதுதான் திறந்த அடுத்த தொட்டியைக் காட்டினார்.

உன் கையைப் பிடித்தேன். “பொறடா, புளோவர் வரட்டும். காத்து ஊதாமல் இறங்கப்படாது.” மூடிக் கிடந்த தொட்டியில், காற்றிலுள்ள ஒட்சிசனைத் துரு தின்றிருக்கும். மணத்தால் அதை அறிய ஏலாது.

“கப்பலுக்குப் போற மனுசன் வாசல்ல நிண்டு மூக்கைப் பொத்துறதோ? விடு மச்சான்.”

உதறிக்கொண்டு இறங்கினாய்.

“எப்பிடியடா?” என்று குனிந்து கூப்பிட்டேன். “ஆர்டுவஸ்” என்றாய். சிரிப்போடு சொன்னாய். இரும்புச் சுவர்கள் அதைத் திருப்பித் திருப்பிச் சொல்லின. இரண்டாம் தரம் கூப்பிட்டபோது என் குரல் மட்டும் திரும்பி வந்தது.

உன்னைத் தோணியில் கொண்டுபோய் உன் வீட்டில் கிடத்தினோம். உன் உம்மா என்னிடம் ஒன்றைத்தான் கேட்டார். “மகன், புள்ளய கப்பலுக்கு எடுத்தாங்களா?”

“ஓம்” என்றேன். அதற்கு மேல் அங்கே நிற்க என்னால் முடியவில்லை.

இன்றும் ஒரு கப்பல்காரர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆர்டுவஸ் வேலைதான், தெரியும், ஆனாலும் ஆளை இறக்கு என்றார். இது இப்போதைக்கு ஏலாத வேலை என்று அவருடைய மொழியிலேயே சொன்னேன். சோதனை விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கினேன். ஒட்சிசன் இல்லாமல் சுடர் அணைந்தது. புளோவரைப் போட்டோம். பிறகு இறக்கிய விளக்கு அணையாமல் எரிந்தது. கணக்குப்படி எல்லாம் சரி.

ஆனாலும் ஆள் இறங்குமுன் நான் குனிந்து ஒருதரம் உள்ளே கூப்பிடுவேன். ஏன் என்று பட்டறையில் ஒருவரும் கேட்பதில்லை. என் குரல் மட்டும் திரும்பி வந்தால் ஆளை இறக்குவேன்.

இன்று நீ மறுமொழி சொன்னாய். ஆளை இறக்காமல் புளோவரை இன்னும் ஓடவிட்டேன்.