கறுப்பு மருந்தும் இருபத்தேழு கையெழுத்தும்

ஆகஸ்ட் 18, திங்கள்

ஆடி முடிந்தும் காற்று அடங்கவில்லை. ஆதனக்கோட்டை தாண்டும்வரை கண்ணெல்லாம் மண். வாங்க வேண்டியவை: சின்ன அளவு கையுறை, பஞ்சு, பிள்ளைகள் உதட்டில் தடவ வாசலைன், எனக்குத் தலைவலி மாத்திரை.

28ஆம் தேதி சென்னையிலிருந்து தணிக்கைக்கு வருகிறார்களாம். ஃபைல்களை அடுக்கும் வேலை என் தலையில். மு.ஆ. அடுத்த மாதம் மாநாட்டில் பேசப் போகிறார். மு.ஆ. என்றால் முதன்மை ஆய்வாளர். முழுப் பேரை எழுத இந்த நோட்டு கொடுத்து வைக்கவில்லை. சொத்தைப் பல்லில் ஒரு சொட்டு கறுப்பு மருந்து வைத்தால் சொத்தை அதோடு நிற்கிறதா என்பது ஆய்வு. ஜனவரியில் மருந்து வைத்தது, வெயிலில் அலைந்தது, அழுத பிள்ளைகளிடம் கடி வாங்கியது எல்லாம் நான். மேடை அவருக்கு.

அதுகூடப் பரவாயில்லை. பிப்ரவரிதான் நெஞ்சில் நிற்கிறது. கந்தர்வக்கோட்டைப் பக்கத்துப் பள்ளி வாசல். யாழினியின் அம்மா செல்வி மகளை இழுத்துக்கொண்டு வந்தாள். முன்பல் இரண்டும் கரி. பதினைந்து நாளில் காதுகுத்து, ஃப்ளெக்ஸ்கூட அடித்தாகிவிட்டது. மருந்து வைத்தால் கறுக்கும் என்று முன்பே சொல்லி, சம்மதத் தாளில் கையெழுத்தும் வாங்கியிருந்தேன். மு.ஆ.வுக்கும் தெரியும். ஆனாலும் ஊரே பார்க்கச் சொன்னார்: "இந்தப் பொண்ணுக்கு அனுபவம் பத்தலம்மா. அளவு தெரியாம வச்சிட்டாங்க. மன்னிப்பு கேக்கச் சொல்றேன்."

கேட்டேன். கைகூப்பி. ஆறு மாதம் ஆகிறது. ஒரு நாள்கூட மறக்கவில்லை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

ஃபைல். தூசி. தும்மல்.

அதே பள்ளியின் ஆறாம் மாதப் பரிசோதனைப் பாரங்கள், 27. தேதி ஜூலை 31. அந்த வாரம் நான் காய்ச்சலில் படுத்திருந்தேன். அவரே போய்ப் பார்த்துவிட்டார் போல. காரை விட்டு இறங்காத மனிதர் தரையில் உட்கார்ந்து 27 வாய் பார்த்தாரா? இருக்கட்டும், எனக்கென்ன.

ஆகஸ்ட் 21, வியாழன்

பள்ளிக்கு டூத் பிரஷ் கொடுக்கப் போனேன். வாசலில் செல்வி. முந்திரி உடைக்கிற கை, விரலெல்லாம் கறுப்பு. பார்க்காத மாதிரி போகப் பார்த்தேன். விடவில்லை.

"டாக்டரம்மா, இங்கிட்டு வாங்க. ஒங்க கருப்புப் பல்லு ஒன்னு போயிருச்சு பாருங்க."

யாழினி சிரித்தாள். மேலே ஓர் ஓட்டை.

"எப்ப விழுந்துச்சு?"

"புரவி எடுப்பு அன்னைக்கி. கோயிலுக்குத் தூக்கிட்டுப் போற மண்ணுக் குதிர தெருவுக்குள்ள வருது, இவ பொரி உருண்டயக் கடிச்சா. பல்லு கையோட வந்துருச்சு. சாணில பொதிஞ்சு கூர மேல எறிஞ்சாச்சு."

"அது என்னைக்கி?"

"ஆடி பதினஞ்சு, வியாழக்கெழம."

ஜூலை 31. அன்று பள்ளியில் எங்கள் டாக்டர் வந்து பல் பார்த்தாரா என்று கேட்டேன்.

"பள்ளிக்கூடம் ஏதுங்க? லீவு. ஊரே கோயில்லதான கெடந்துச்சு."

ஆபீசுக்குப் பறந்தேன். யாழினியின் பாரம். மேல் முன்பல்: உள்ளது, கறுப்பு, கெட்டி. கூரை மேல் கிடக்கிற பல்லை மு.ஆ. வாய்க்குள் தட்டிப் பார்த்திருக்கிறார்! கெட்டியாக இருந்ததாம்!

கழிப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன். மாட்டினான். மரியாதை எல்லாம் இன்றோடு சரி. வரும்போது அல்வா வாங்கினேன், கால் கிலோ.

ஆகஸ்ட் 22, வெள்ளி

அல்வா இன்னும் பிரிக்கவில்லை.

27 பாரத்திலும் 'பரிசோதித்தவர்' என்ற இடத்தில் என் கையெழுத்து. செவ்வாயன்று தும்மலிலும் நேற்று சந்தோஷத்திலும் கண்ணில் படவில்லை. காய்ச்சலுக்கு முந்தின வாரம் வெறும் பாரங்களைக் கட்டாக நீட்டினான்: "மொத்தமா போட்டு வச்சிரும்மா. அங்க போனா காத்துல தாள் பறக்கும்." போட்டேன். டீ குடித்துக்கொண்டே. இங்கே எல்லோரும் செய்வதுதான்.

காய்ச்சல் லீவும் போனில் வாயால் சொன்னது. திரும்பி வந்ததும் வருகைப் பதிவில் மூன்று நாளுக்கும் சேர்த்து நானே கையெழுத்துப் போட்டேன். அதுவும் எல்லோரும் செய்வது. ஆக, தாளில் பார்த்தால் நான் அங்கே போயிருக்கிறேன். அவன் நிரப்பியது வெறும் டிக். டிக்கில் யார் கை என்று எப்படிக் காட்டுவது?

ஒன்றே ஒன்று. அடியில் அவன் கையெழுத்து: 'நேரில் சரிபார்த்தேன்.' அவனை இழுக்கலாம். இழுத்தால் நானும் கூடவே குழியில்.

ஆகஸ்ட் 23, சனி

புரவி எடுப்பு லீவுக்கு ஈடாக இன்று பள்ளி. தலைமையாசிரியையிடம் கேட்டுக்கொண்டு எல்லாப் பிள்ளைகளையும் நானே பார்த்தேன். 26தான். ஒருவன் ஜூனிலேயே பெற்றோரோடு திருப்பூர் போய்விட்டான். அவன் பாரத்திலும் பல் வரிசை முழுசாக டிக்.

ஊசிமுனையை வைத்து அழுத்தி அழுத்திப் பார்த்தேன். எங்கேயாவது இறங்காதா என்று. இறங்கவில்லை. முக்கால்வாசிப் பல்லில் சொத்தை நின்றிருக்கிறது. கறுத்து, கல்லாகி. ஜனவரியில் சோறு மெல்ல அழுத பையன் இன்று முறுக்கைக் கடித்துக் காட்டுகிறான்.

சந்தோஷப்பட வேண்டும். எரிச்சலாக வருகிறது. மருந்து தோற்றிருந்தால் ஒரே போடாகப் போட்டிருப்பேன். உண்மையிலேயே போய்ப் பார்த்திருந்தாலும் ஏறக்குறைய இதைத்தான் எழுதியிருப்பான். சோம்பேறி. ஒரு நாள் பெட்ரோலுக்குச் சோம்பேறித்தனம்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

நான் பிள்ளைகளைப் பார்த்தது அவன் காதுக்குப் போய்விட்டது. அறைக்குக் கூப்பிட்டான்.

"யாரைக் கேட்டும்மா அந்தப் பள்ளிக்குப் போன?"

"புரவி எடுப்புன்னா என்னன்னு தெரியுமா சார் ஒங்களுக்கு?"

அவனுக்குத் தெரியவில்லை. சொன்னேன். லீவு, பொரி உருண்டை, கூரை மேல் பல். முகம் சுண்டியது. அப்புறம் குரல் தேனாக: "மாநாட்டுல நீயே பேசேன். மேல்படிப்புக்கு லெட்டர் தரேன். கையெழுத்து உன்னுதுங்கிறத மறந்துடாத, உனக்காகத்தான் சொல்றேன்."

"யோசிக்கிறேன் சார்."

யோசித்தேன், அதுதான் கேவலம். மேடையில் என்ன சேலை கட்டலாம் என்பது வரை யோசித்தேன்.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டை 6. அம்மா: "மூஞ்சிய ஏன்டி இப்படி வச்சிருக்க?" தலைவலி என்றேன்.

நாளை உண்மையைச் சொன்னால் போவது: வேலை, டாக்டர் என்கிற பேர், அம்மா தெருவில் தலைநிமிர்ந்து நடப்பது. சொல்லாவிட்டால், அவன் மேடையில் நின்று கைதட்டு வாங்குவான். முதல் வரி மூன்று சாமான். இரண்டாவது ஒன்று. ஆனாலும் அதுதான் கனக்கிறது.

ஆகஸ்ட் 28, வியாழன்

வந்தவர் ஒரு அம்மா, தடிக் கண்ணாடி. பாரத்தைப் புரட்டினார். "பரிசோதிச்சது நீங்கதானே?"

"கையெழுத்து என்னுது மேடம்."

அவன் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தான். அந்த நிம்மதியைக் கொஞ்ச நேரம் அனுபவிக்க விட்டேன். அப்புறம் சொன்னேன். வெறும் பாரத்தில் போட்டது, காய்ச்சல், வருகைப் பதிவு, திருவிழா, திருப்பூர்ப் பையன், யாழினி பல். சனிக்கிழமை நான் பார்த்து எழுதியதையும் மேசையில் வைத்தேன். சாட்சிக்குத் தலைமையாசிரியையின் போன் நம்பர்.

அந்த அம்மா அவன் பக்கம் திரும்பினார். "நேரில் சரிபார்த்தேன்னு போட்டிருக்கீங்களே சார். எங்க வச்சுப் பாத்தீங்க?"

தண்ணீர் கேட்டான். மறைத்து என்ன பிரயோஜனம், எனக்கு இனித்தது. பிப்ரவரிக்கு அப்புறம் முதல்முறையாக வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

மெயில். இருவர் மேலும் விசாரணை. என் டாக்டர் பதிவு இருக்குமா என்பது பல் மருத்துவக் கவுன்சில் கையில். ஆய்வு முழுசும் நிறுத்தம், எல்லாப் பள்ளியிலும். இரண்டாம் தவணை மருந்து கிடையாது. மருந்துப் பெட்டிச் சாவியைக் காலையிலேயே வாங்கிக்கொண்டார்கள். அவன் அறையில் அட்டைப்பெட்டி கட்டுகிறான். நான் எட்டிப் பார்த்தேன். அவனும் பார்த்தான். நான்தான் சிரித்தேன்.

மதியம் மூன்று மணிக்கு செல்வி போன்.

"டாக்டரம்மா, சின்னவளுக்குக் கடவாப் பல்லுல சொத்தங்க. சோறு திங்காம அழுகுறா. கறுத்தாக் கறுத்துட்டுப் போகுது, அந்தக் கருப்பு மருந்தயே வச்சு விடுங்க. எப்ப வருவீங்க?"

திங்கட்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.