சோதனைச் சாவடி தாண்டும் படம்

1994 ஐப்பசி, வியாழன் இரவு. முள்ளியவளை.

விடிந்ததும் மாமாவோடு சைக்கிளில் வவுனியா. அங்கிருந்து கொழும்பு. ஓவியக் கல்லூரி நேர்முகத்துக்கு நான் கீறிய படங்களைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். மாமா சாமான் எடுக்க அடிக்கடி போய்வருகிறவர். ஆமியின் சோதனைச் சாவடி அவருக்குப் பழக்கம். பின்னேரம் என் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

குளக்கட்டையும் பாலத்தையும் கீறியதை எடுத்து, “இதை வரைபடம் எண்டுதான் சொல்லுவாங்கள்” என்றார். என்னோடு படித்தவளின் முகத்தைக் காட்டி, “இது ஆர் எண்டு கேட்டா என்ன சொல்லுவாய்?” என்றார். அவள் இப்போது வீட்டில் இல்லை. இயக்கத்துக்குப் போய்விட்டாள் என்று ஊருக்கே தெரியும். குண்டு விழுந்த எங்கள் பள்ளிக்கூடத்தின் படத்தைக் கண்டதுமே ஒதுக்கினார்.

ஒதுக்கியதை எல்லாம் அம்மா குசினி அடுப்பில் வைத்தார். “உயிரோட இருந்தாத் திரும்பக் கீறலாம், பிள்ளை.”

மிஞ்சியது ஒரு பிள்ளையார். சின்ன வயதில் கலண்டரைப் பார்த்துக் கீறிப் பழகியது. தும்பிக்கையின் வளைவுகூட அந்தக் கலண்டர்காரனுடையது. “கொண்டுபோக இது ஒண்டே காணும். கும்பிட்டிட்டு விடுவாங்கள்” என்றார் மாமா.

நேர்முகத்தில் அதைத்தான் நீட்டப்போகிறேன். உன்னுடைய படமா என்று கேட்பார்கள். ஓம், என்னுடையதுதான் என்று சொல்ல வேண்டும்.