பதினோரு தாள்களில் ஒரே கணவர்

அனுப்புநர்:
பணியாளர் எண் 417 (ஒப்பந்தம்),
சலவைப் பிரிவு, கீழ்த்தளம்,
பொது மருத்துவமனை.

பெறுநர்:
தேர்வுக் குழுத் தலைவர் அவர்கள்,
பணியாளர் நிர்வாக அலுவலகம், மூன்றாம் தளம்,
அதே மருத்துவமனை.

பொருள்: நிரந்தரப் பணிக்கான அடிப்படை ஆங்கிலத் தேர்வில் சலவைப் பிரிவினர் பதினோரு பேரும் பார்த்து எழுதியதாகப் பிறப்பித்த ஆணையை நீக்கி, இம்மாதம் 27ஆம் தேதிக்குள் மறுதேர்வு நடத்த வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: சென்ற திங்களன்று அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்ட தங்கள் ஆணை.

தாங்கள் ஐயாவா அம்மாவா என்று எனக்குத் தெரியாது. கதவில் பதவி மட்டுமே எழுதியிருக்கிறது. ஆகையால் இருவருக்கும் பொதுவாக என் வணக்கம்.

1. நான் இம்மருத்துவமனையின் சலவைப் பிரிவில் பதினாறு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். ஒப்பந்தம் பதினோரு மாதத்துக்கு ஒரு முறை முடியும். மீண்டும் கையெழுத்திட்டுப் புதிதாகச் சேர்ந்தவளாவேன். இப்படிப் பலமுறை புதியவளாகி எனக்கே சலித்துவிட்டது. ஒப்பந்தக்காரர்களை நிரந்தரமாக்கும் அறிவிப்பு இவ்வாண்டுதான் முதன்முறையாக வந்தது. பத்தாண்டு அனுபவம், ஐம்பது வயதுக்குள், ஆங்கிலத் தேர்வில் தேர்ச்சி என்று மூன்று நிபந்தனைகள். இம்மாதம் 28ஆம் தேதி எனக்கு ஐம்பது நிறைகிறது. தங்கள் ஆணையோ இரண்டு ஆண்டுகளுக்கு எங்களைத் தேர்வெழுத விடாமல் தடுக்கிறது. மற்றவர்களுக்கு அது இரண்டு ஆண்டு. எனக்கு அதோடு கதை முடிந்தது.

2. நிரந்தரம் எதற்கு என்று தாங்கள் கேட்கலாம். என் வலது முட்டிக்கு அறுவை சிகிச்சை வேண்டும் என்று இதே கட்டடத்தின் எலும்பு மருத்துவர் எழுதிக் கொடுத்து ஒன்றரை ஆண்டாகிறது. ஆறு வாரம் காலை ஊன்றக் கூடாதாம். ஒப்பந்தக்காரர் பத்து நாளுக்கு மேல் வராவிட்டால் பெயர் நீக்கப்படும். நிரந்தரப் பணியாளருக்கு மருத்துவ விடுப்பு உண்டு. ஆகவே மருத்துவரின் சீட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வலியோடு நின்றபடியே அவருடைய அறுவை அரங்குத் துணிகளைத் துவைத்து அனுப்பி வருகிறேன்.

3. துணி துவைப்பவளுக்கு ஆங்கிலம் எதற்கு என்று நான் வாதாட வரவில்லை. சலவை மருந்துப் பீப்பாய்களின் மேல் எல்லாம் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. எங்களில் ஒருவர் பீப்பாயை மாற்றி ஊற்றி, குழந்தைகள் வார்டின் பச்சை விரிப்பெல்லாம் ஒரே நாளில் வெள்ளையானது. தேர்வு வைத்தது நியாயம்தான்.

4. எங்களுக்குப் பாடம் சொல்லித் தந்தவர் துணிக் கிடங்கின் எழுத்தர். வாக்கியம் முடிந்தால் புள்ளி, புள்ளி என்று உயிரை வாங்குவதால் அவரை நாங்கள் 'புள்ளி அக்கா' என்போம். வகுப்புக்குத் தனி நேரமோ நாற்காலியோ கிடையாது. துணி மடிக்கும்போதுதான் பாடம். விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும் என்பது தாங்கள் அறிந்திருக்கலாம். ஆளுக்கு இரண்டு முனையாகப் பிடித்து நிற்போம். முதல் மடிப்பு: வாக்கியம் பெரிய எழுத்தில் தொடங்கும். இரண்டாம் மடிப்பு: ஆள் பெயர், ஊர்ப் பெயர், கிழமை எல்லாம் பெரிய எழுத்து. பிறகு ஒருவரை நோக்கி ஒருவர் நடப்போம். அந்த நடையில் எழுத்துக் கூட்டுவோம். வரிசையாகப் பொருட்களைச் சொல்லும்போது ஒரு மூச்சு விட்டால் கமா. இருவர் கையும் சேரும் இடத்தில் புள்ளி. பள்ளிக்கூடத்தில் எட்டு வருடம் ஏறாதது இப்படி மூன்று மாதத்தில் ஏறியது. உண்மையில் எனக்கே ஆச்சரியம்.

5. தேர்வின் இரண்டாம் பகுதியில் 'என் குடும்பம்' பற்றிப் பத்து வாக்கியம் கேட்கப்படும் என்று அறிவிப்பிலேயே இருந்தது. மாதிரிக்கு ஒன்று எழுதித் தரும்படி புள்ளி அக்காவைக் கெஞ்சினோம். அவர் தம் குடும்பத்தைப் பற்றியே எழுதிக் கொடுத்தார். அவருடைய கணவர் ஓட்டுநர். இரண்டு மகன்கள். வீட்டுக் கதவு நீல நிறம். ஞாயிற்றுக்கிழமை பூங்காவுக்குப் போவார்கள். "இது என் வீட்டுக் கதை. நீங்க உங்க வீட்டுக்குத் தகுந்த மாதிரி மாத்திக்கணும், என்ன?" என்று அவர் தெளிவாகச் சொன்னார். நாங்களும் தலையாட்டினோம்.

6. தவறு நடந்தது இதன் பிறகுதான், அது எங்கள் தவறு. எங்கள் பிரிவில் பத்து விரிப்பு சேர்ந்தால் ஒரு கட்டு. வாக்கியமும் பத்து. ஒரு விரிப்புக்கு ஒரு வாக்கியம் என்று சொல்லிச் சொல்லி மடித்தோம். கட்டு கட்டி முடியும்போது கட்டுரையும் முடியும். ஒரு நாளைக்கு நாற்பது கட்டு. கைக்கும் வாய்க்கும் அது அப்படியே பழகிவிட்டது. இடையில் ஒரு சொல்லை மாற்றிப் பார்த்தால் மடிப்பும் கோணலாகி, அடுத்த வாக்கியமும் மறந்துபோனது. மாற்றுவதைத் தேர்வறையில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒவ்வொருவரும் தமக்குள் நினைத்துக்கொண்டோம்.

7. தேர்வறையில் யாரும் மாற்றவில்லை. எங்களில் ஒன்பது பேர் பெண்கள், இருவர் ஆண்கள். அந்த இருவரும் 'என் கணவர் ஓட்டுநர்' என்றுதான் எழுதினார்கள். ஒருவருக்கு இன்னும் திருமணமே ஆகவில்லை. அவரை நாங்கள் கேலி செய்யாத நாளில்லை. "கை வச்சா எல்லாம் கலைஞ்சுடும்னு பயம்க்கா. புள்ளி கமா ஒண்ணும் தப்பக் கூடாதுன்னு அப்படியே விட்டுட்டேன்" என்றார். கேலி செய்த எங்களுக்கும் அதே பயம்தான்.

8. பார்த்து எழுத வழியே இல்லை என்பதைத் தாங்கள் ஒரு நிமிடத்தில் சரிபார்க்கலாம். எங்கள் பதினோரு பேரையும் மூன்று அறைகளில் பிரித்து உட்கார வைத்தார்கள். என் அறை தரைத்தளத்தில், இன்னோர் அறை இரண்டாம் தளத்தில். என்னைச் சுற்றி இருந்தவர்கள் சமையற்கூடத்தார். அவர்கள் எழுதியது வேறு. நான் பார்த்து எழுதியிருந்தால் கூரையைத் துளைத்துத்தான் பார்த்திருக்க வேண்டும். தங்கள் ஆணையிலோ, 'பதினோரு தாள்களிலும் எழுத்துப் பிழை, நிறுத்தக்குறிப் பிழை ஏதுமில்லை. இது ஐயத்தை வலுப்படுத்துகிறது' என்று கண்டிருக்கிறது. பிழை இருந்தால் தோல்வி, இல்லாவிட்டால் ஐயம். எங்களைப் போன்றவர்கள் எத்தனை பிழை விட்டால் சரியாக இருக்கும் என்பதை அறிவிப்பிலேயே சொல்லியிருக்கலாம். இப்படி எழுதியதற்கு மன்னிக்கவும், வயிற்றெரிச்சலில் வந்துவிட்டது.

9. ஆணை வருவதற்கு முந்தைய புதன்கிழமை என்னை விசாரணைக்கு அழைத்தார்கள். மின்தூக்கி பழுது. மூன்று மாடி ஏறினேன். விசாரணை அலுவலர் என் தாளையும் என் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "உங்களுக்கு எத்தனை பையன்?" என்று கேட்டார். பையன் இல்லை, ஒரே மகள் என்றேன். "வீட்டுக்காரர் டிரைவரா?" என்றார். இல்லை, லிஃப்ட் இயக்குபவர் என்றேன். "இப்ப எங்க இருக்கார்?" என்றார். இறந்து ஆறு ஆண்டாகிறது என்றேன். அவர் எதையோ எழுதிக்கொண்டார். அது என்ன என்று ஆணை வந்தபோதுதான் தெரிந்தது: 'பொய்த் தகவல் அளித்தமை' என்று என் எண்ணுக்கு எதிரே மட்டும் இரண்டாவது குற்றச்சாட்டு. கணவன் உள்ளதாக எழுதிய ஆண்கள் இருவருக்கும் அது இல்லை. இதில் என்ன கணக்கு என்று எனக்கு விளங்கவில்லை, கேட்கவும் தெம்பில்லை.

10. நான் பொய் சொல்ல நினைத்து எழுதவில்லை. அன்று தாளில் இரண்டாவது வரிக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. அவர் இல்லை என்று எழுத வேண்டும் என்று தெரியும். எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்து முடிந்ததை எழுதும் பாடம் அடுத்த மாதம் என்று புள்ளி அக்கா சொல்லியிருந்தார், தேர்வு முந்திக்கொண்டது. சுவரில் கடிகாரம் ஓடியது. கையை மேசைக்கு அடியில் வைத்து விரிப்பு மடிப்பதுபோல் மடித்துப் பார்த்தேன். பழகிய வாக்கியம்தான் வந்தது. அதையே எழுதிப் புள்ளி வைத்தேன். என் கணவர் இந்த மருத்துவமனையின் இரண்டாம் மின்தூக்கியில் இருபத்திரண்டு ஆண்டு நின்றவர். ஆறாம் வார்டில் இறந்தார். அவருடைய கடைசி விரிப்பு அன்று மாலை எங்கள் பிரிவுக்குத்தான் வந்தது, அதிலிருந்த கட்டில் எண் பார்த்து எனக்குத் தெரிந்தது, யாரிடமும் சொல்லாமல் நானே துவைத்தேன். இவற்றையெல்லாம் விசாரணையில் யாரும் கேட்கவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு இறங்கி வந்தேன்.

11. பாடம் சொல்லித் தந்த எழுத்தருக்கும் மெமோ கொடுத்திருப்பதாக அறிகிறேன். தம் மதிய உணவு நேரத்தை எங்களுக்குக் கொடுத்ததைத் தவிர அவர் வேறொன்றும் செய்யவில்லை. மெமோ வந்த நாளிலிருந்து அவர் மடிப்பு மேசைப் பக்கம் வருவதில்லை. ஆனால் அவரைப் போய்க் கேட்டால் மறுக்காமல் சொல்லித் தருகிறார். அந்த மெமோவைத் திரும்பப் பெறுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

12. எங்களைத் தேர்ச்சி பெற்றதாக அறிவியுங்கள் என்று நான் கேட்கவில்லை. மற்ற பத்துப் பேரின் மீதான தடையை நீக்குங்கள். எனக்கு 27ஆம் தேதிக்குள் ஒரு மறுதேர்வு போதும். காலை ஆறு முதல் பிற்பகல் இரண்டு வரை எனக்கு வேலை நேரம். அதற்குப் பிறகு எந்த நாள் அழைத்தாலும் வருவேன். காலி அறையில் தனியாக உட்கார வையுங்கள். எதிரே இரண்டு அலுவலர்கள் வேண்டுமானாலும் உட்காரட்டும்.

கேள்வியைப் பற்றி மட்டும் ஒரு விண்ணப்பம். ஏமாற்றிவிடுவேன் என்று கருதி வேறு தலைப்புக் கொடுக்க நினைப்பீர்கள். தாராளமாகக் கொடுங்கள், அதையும் எழுதுகிறேன். ஆனால் அதோடு 'என் குடும்பம்' என்ற பழைய கேள்வியையும் கொடுங்கள். அதற்கு மதிப்பெண் போடாவிட்டாலும் பரவாயில்லை. நடந்து முடிந்ததை எழுதும் பாடத்தைச் சென்ற வாரம் கேட்டுக் கற்றுக்கொண்டேன். தங்கள் அலுவலகக் கோப்பில் உள்ள என் தாளில் என் கணவர் இன்னும் உயிரோடு இருந்து வேலைக்குப் போகிறார். அங்கே அவரைப் பற்றி என் கையால் எழுதியது சரியாக இருக்க வேண்டும்.

இப்படிக்குத் தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,

(கையொப்பம்)
பணியாளர் எண் 417

இடம்: சலவைப் பிரிவு, மடிப்பு மேசை
நாள்: 9, வியாழன்

இணைப்பு: எலும்பு மருத்துவர் சீட்டின் நகல் – 1, கணவரின் இறப்புச் சான்றிதழ் நகல் – 1.