முத்துலட்சுமி என்னிடம் மட்டும் சொன்னது

4.6.2007, திங்கள்

காலையிலேயே அனல் காற்று. சட்டைக் காலரில் கரிசல் தூசி. தீப்பெட்டி ஆலையில் மூன்றாவது அமர்வு. வாட்ச்மேன் உள்ளே குரல் கொடுத்தார்: "டியூஷன் சார் வந்திருக்காவ." மேனேஜர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற எக்ஸிகியூட்டிவ் கோச் என்று கார்டு அடித்து என்ன பிரயோசனம்.

முத்துலட்சுமி. பெட்டியில் குச்சி அடைக்கிற வேலைக்கு வந்து, இருபது வருடத்தில் உற்பத்தி மேனேஜர். மீட்டிங்கில் வாயே திறப்பதில்லை, தைரியம் வரவழையுங்கள் என்று முதலாளி அண்ணாச்சி என்னை அமர்த்தியிருக்கிறார். இன்று கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்:

"எனக்கு ரெண்டு காதும் மந்தம் சார். மெஷின் சத்தத்துல போயிட்டு. நாலஞ்சு பேரு சேந்து பேசுனா ஒண்ணும் புடிபடல. வீட்லகூடத் தெரியாது. நீங்களும் யார்ட்டயும் சொல்லிராதிய."

சொல்ல மாட்டேன் என்றேன். முதல் நாளே கொடுத்த வாக்குதான். இங்கே பேசுவது இந்த அறையைத் தாண்டாது.

7.6, வியாழன்

கடைத்தெரு வேலை: பற்பசை, தபால்தலை, ஷூவுக்குத் தையல்.

அண்ணாச்சி வரச்சொன்னார். "என்ன சார், அந்தப் பொம்பளைக்குத் தைரியம் வந்துட்டா?"

"தைரியத்துக்கு ஒரு குறையும் இல்ல அண்ணாச்சி. காதுதான்."

சொல்லிவிட்டேன். காது மெஷின் வாங்கிக் கொடுத்தால் சரியாகிவிடும் என்றும் சொன்னேன். உதவி செய்கிற நினைப்பு. கூடவே, மூன்றே அமர்வில் கண்டுபிடித்த பெருமை. இந்த டைரியிலாவது மறைக்காமல் எழுத வேண்டும்.

"அப்படியா சங்கதி" என்றார். கடம்பூர் போளி வரவழைத்தார். இரண்டு தின்றேன்.

11.6, திங்கள்

முத்துலட்சுமி நாற்காலியில் அண்ணாச்சியின் தங்கை மகன்.

"காது கேக்காத ஆளை மெஷின் பக்கத்துல விடலாமா சார்? பெட்டி அடைக்கப் போகச் சொல்லிட்டேன். நல்லவேளை நீங்க சொன்னிய. இனி இவனுக்கு கிளாஸ் எடுங்க."

சண்டை போட்டிருக்க வேண்டும். "பெட்டி அடைக்கிற இடத்துலயும் மெஷின் இருக்கே" என்று மட்டும் சொன்னேன். அதுவும் மெதுவாக. அவர் போனை எடுத்துவிட்டார்.



12.6, செவ்வாய்

காலை ஆலைக்குக் கடிதம். இனி வர மாட்டேன், தப்பு என்னுடையது, அந்த அம்மாவுக்கு வேலையைத் திருப்பிக் கொடுங்கள். வாட்ச்மேன் வாங்கிக்கொண்டார். பதில் இல்லை.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்ட். முத்துலட்சுமி பசுவந்தனை பஸ்ஸுக்கு நின்றிருந்தார். மன்னிக்கணும்மா என்றேன்.

"இத்தன வருசத்துல ஒங்ககிட்ட மட்டும்தான் சார் சொன்னேன்."

கோபமில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"இப்ப எல்லாத்துக்கும் தெரிஞ்சு போச்சு. கூட வேலை பாக்குதவளுவ கத்திக் கத்திப் பேசுதாளுவ. எங்க வீட்டுக்காரவிய, ஏங்கிட்ட ஏன் சொல்லலன்னு ஒரே கேள்வி. என்ன சார் சொல்லட்டும்?"

பஸ் வந்தது. உட்கார இடமில்லை. கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே போனார்.