கடல் பார்க்கப் போன நடை

அளம்பில்,
8-5-1963.

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் சுகம். ஐயாவின் சுகத்தை அவரிடமே கேட்டு எழுதுங்கள். பெற்ற மகளோடு அவர் கதைத்து ஒன்பது நாளாகிறது. சோற்றைப் போட்டு வைத்தால் சாப்பிடுகிறார். தட்டைக்கூடத் தானே கழுவி வைக்கிறார். சிவலைப் பசு நாகு கன்று ஈன்றிருக்கிறது.

மாங்குளத்தார் என்னைப் பார்க்க வந்துபோன கதையை ஐயா எழுதியிருப்பார். அவர் எழுதாமல் விட்டதை நான் எழுதுகிறேன்.

நீங்கள் சொல்லியிருந்தபடியே, அவர்கள் வருமுன் போய்க் கதிரையில் இருந்துகொண்டேன். தேத்தண்ணீரை அயல்வீட்டு நேசமலர் கொண்டுவந்து கொடுத்தாள். மாப்பிள்ளை தில்லைநாதன் மாஸ்டர் அமைதியான மனுசன். அவருடைய தாயார் கமலாசனி மாமி பயற்றம் பணியாரத்தைத் தொட்டும் பார்க்கவில்லை. வெயில் தணிந்ததும், "செம்மண் மேட்டில ஏறிக் கடல் பாப்பமே பிள்ளை? குழந்தையும் ஏறுற இடமாம்" என்றார். ஐயா உடனே எனக்குத் தலையிடி என்றார். எனக்கு ஒரு தலையிடியும் இல்லை. "ஓம் மாமி, வாறன்" என்று எழும்பினேன்.

மேடு உங்களுக்குத் தெரியும். கால் மைல் சரிவு, பிறகு கடலோரமாய் ஒற்றையடிப் பாதை. மூச்சே வாங்காது. மேலே நின்றால் வடக்கே முல்லைத்தீவு வெளிச்சவீடும், கீழே கரைவலைத் தோணிகளும், அதற்கப்பால் கண்ணுக்கெட்டியமட்டும் கடலும் தெரியும். அதை ஒருத்தரும் பார்க்கவில்லை. ஐயா நிலத்தைப் பார்த்தார். மாமி எனக்குப் பின்னால் வந்து என் குதிக்காலைப் பார்த்தார். நான் ஒளிக்கவில்லை. ஆறு வயதில் வந்த காய்ச்சலுக்குப் பிறகு எப்படி நடக்கிறேனோ, அப்படியே காலை இழுத்து இழுத்து நடந்தேன்.

உச்சியில் மாஸ்டர் என் பக்கமாய் வந்து, "நோகுதோ? கொஞ்சம் இருந்திட்டுப் போவம்" என்றார். இதையும் எழுதிவிடுகிறேன் அண்ணா, எனக்கு அவரைப் பிடித்தது.

அப்போதுதான் மாமி, "கிணத்தடியில வழுக்கின சுளுக்கெண்டு தமையன் எழுதினவர். எப்ப பிள்ளை மாறும்?" என்று கேட்டார்.

அந்தச் சுளுக்கு எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறீர்கள். பத்து நாளில் மாறும் என்று நானும் சொல்லியிருந்தால் இரண்டு கலியாணமும் நடந்திருக்கும். மாற்றுச் சம்பந்தம்தானே, நான் அந்த வீட்டுக்குப் போனால்தான் மாஸ்டரின் தங்கை இரஞ்சிதம் உங்களுக்கு வருவாள். எல்லாம் யோசித்தேன். யோசித்துவிட்டுத்தான், "இருவது வருசமாய் மாறேல்லை மாமி, இனியும் மாறாது" என்று சொன்னேன்.

மாமி மகனின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். மாஸ்டர் ஒருமுறை திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான். சோற்றில் கை நனைக்காமலே பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள்.

தமையனுடைய வாழ்வில் மண்ணள்ளிப் போட்டவள் என்று ஊர் சொல்கிறது. ஐயாவின் நினைப்பும் அதுதான். நீங்களும் நினைப்பீர்கள், நினையுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன். ஐந்து வருசம் என்னைச் சைக்கிளில் ஏற்றிப் பள்ளிக்கூடம் கொண்டுபோனவர் நீங்கள். நொண்டி என்று கத்தியவனின் பல்லை உடைத்தவர் நீங்கள். அந்த அண்ணாவுக்கு என் கால் எப்போது வெட்கமாய்ப் போனது? மாங்குளத்தார் வேண்டாமென்று போனது எனக்கு இரண்டு நாள் நோவு. இது அப்படி ஆறுகிற நோவில்லை.

இரஞ்சிதத்தின் மேல் உங்களுக்கு எவ்வளவு விருப்பம் என்று எனக்குத் தெரியும். லீவு போட்டுவிட்டு நேரே மாங்குளம் போங்கள். ஐயாவையும் தரகரையும் அனுப்பவேண்டாம். மாற்று இல்லாமலே பெண் கேளுங்கள். கேட்குமுன், என் தங்கைக்குக் கால் ஊனம், நான் பொய் எழுதினேன் என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். சொல்லிவிட்டு வந்தால், அவர்கள் பெண் தந்தாலும் தராவிட்டாலும், உங்களுக்குச் சோறு போட நான் இருக்கிறேன். சொல்ல ஏலாதென்றால் வைகாசிப் பொங்கலுக்கு இந்த வீட்டுக்கு வரவேண்டாம்.

எப்படியானாலும் வற்றாப்பளை அம்மாள் உங்களைக் காக்கட்டும். பதில் எழுதும்போது, என் காலுக்கு இப்போது எப்படி என்று ஒரு வரி கேளுங்கள். கொழும்புக்குப் போன நாளிலிருந்து நீங்கள் அதைக் கேட்டதில்லை.

இப்படிக்கு,
உங்கள் தங்கை
சிவனேஸ்வரி