எங்கள் வீட்டில் எடுத்த பேய்ப்படம்

ஆகஸ்ட் 8, வெள்ளி

படம் இன்று வெளியானது. போன வருடம் ஆறு நாள் நம் வீட்டில் எடுத்த படம். அரியலூரில் முதல் காட்சிக்கே போனேன். காமெடிப் படம், பேய்ப்படம் இரண்டும் இதுவே என்று சுவரொட்டி சொல்கிறது. நான் பத்திரம் எழுதிப் பிழைக்கிறவன். ஒரே சொத்தை இரண்டு பேருக்கு எழுதிக்கொடுத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

நம் வீடு திரையில் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சற்று நேரத்தில் நம் மாடிப்படியில் ஒரு பெண் தலைகீழாக இறங்கினாள். குனிந்துகொண்டேன்.

ஆகஸ்ட் 9, சனி

மகன் லியோ பிரபுவுக்கு அடுத்த மாதம் பத்தாம் தேதி கல்யாணம். பெண் சுகன்யா மேரி, ஏலாக்குறிச்சி. நர்ஸ். அவள் வந்து வாழப்போவது இந்த வீட்டில்தான். பார்த்தவர்கள் சிரித்தால் வீடு தப்பித்தது. பயந்தால் இது பேய் வீடு. பேய்ப்படம் பார்த்து யாரும் பயப்படக் கூடாது என்று ஜெபமாலை சொல்கிறவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

பத்திரப்பதிவு ஆபீஸ் எதிரே டீக்கடையில் கருத்து சேகரித்தேன். யார் வீடு என்று சொல்லவில்லை.

நிலத்தரகர் ராசாங்கம்: “காமெடி சுமாருங்க. பேய் வந்தப்புறம்தான் கொஞ்சம் சிரிச்சேன்.”

மனம் குளிர்ந்து நானே டீ வாங்கித் தந்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, “ஆனா அந்த வூட்ல மனுசன் இருப்பானா சார்?” என்றார்.

கொடுத்த டீயைத் திருப்பி வாங்க முடியாது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

கோயிலில் முதல் ஓலை வாசித்தார்கள். இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தால் சொல்லுங்கள் என்று மூன்று ஞாயிறு கேட்பது வழக்கம். சாதாரணமாக யாரும் காது கொடுப்பதில்லை. இன்று முன்வரிசை மொத்தமும் திரும்பி என்னைப் பார்த்தது.

வெளியே வந்ததும் ஒரு பெண் என் மனைவியிடம், “ஏக்கா, ராத்திரில சத்தம் எதும் கேக்குமா?” என்றாளாம். “கேக்கும். இவரு குறட்டை” என்றாளாம் அமலோற்பவமேரி. அவள் இன்னும் படம் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 20, புதன்

பெரம்பலூரில் வேலை. அங்கேயும் ஒரு காட்சி. எனக்கு இது நான்காவது தடவை.

இடைவேளையில் “பயமே இல்லப்பா” என்று உரக்கச் சொன்னவர்கள் கழிப்பறைக்கு மூன்று பேராகப் போனார்கள். ஒன்று கவனித்தேன். சிரிக்கும் முன் ஆட்கள் பக்கத்தில் இருப்பவனைப் பார்க்கிறார்கள். அவன் சிரித்தால் இவனும் சிரிக்கிறான். பயப்படும்போது யாரும் யாரையும் பார்ப்பதில்லை. அப்படியானால், வெளியே வந்து சொல்கிற கருத்தில் எது அவரவருடையது?

ஆகஸ்ட் 22, வெள்ளி

பெண்ணின் அப்பா தேவசகாயம் போன் செய்தார்.

“தப்பா நெனைக்காதீங்க சம்பந்தி. இந்த ஞாயிறு ரெண்டாவது ஓலை வேணாம்னு சாமியார்கிட்ட சொல்லியிருக்கேன். படம் பாத்துட்டு வந்ததுலேருந்து பாப்பா ஒரு மாதிரி இருக்கு. கேட்டா, அந்த வூட்ட நேர்ல பாக்கணுங்குது.”

போச்சு. என்னத்தச் சொல்லிப் புரியவைக்கிறது? பேய் இல்லன்னு எந்த ஆபீஸ்ல சான்று வாங்குறது? வில்லங்கச் சான்றுல அதுக்கு ஒரு கட்டம் இல்லையே — ஆறு நாள் வூட்டக் குடுத்து, நம்ம வூட்ட எல்லாரும் பாக்கட்டும்னு ஆசப்பட்டேனே, எனக்கு வேணும்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ஓலை வாசிக்கவில்லை. வாசிக்காதது எல்லோருக்கும் கேட்டது.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

கல்யாணத்துக்கு முன் பெண் மாப்பிள்ளை வீட்டுக்கு வருவது வழக்கமில்லை. அப்பாவோடு வந்தாள். நான் தயாராக இருந்தேன். பேயைக் கட்டி இறக்கிய கயிறு, உத்தரத்தில் அதற்கு அடித்த கொக்கி, எல்லாம் காட்டினேன்.

“தெரியும் மாமா. பேயெல்லாம் காமெடிதான்” என்றாள்.

“அப்புறம் என்னம்மா?”

“பேய் வர்றதுக்கு முன்னாடி ஒரு சீன் வருதுல்லங்க. அந்தப் பொண்ணு அடுப்படில நிக்கும். ஒரு ஜன்னல் கெடையாது. ஒரே புகை. வெளில பகலா ராத்திரியான்னுகூடத் தெரியாம சமைச்சுட்டே இருக்கும். தியேட்டர்ல எல்லாரும் போன் பாத்துட்டு இருந்தாங்க. எனக்கு அங்கதான் பயம் வந்துச்சு. அது செட்டா நெசமான்னு பாக்கத்தான் வந்தேன்.”

நான் வாயைத் திறக்குமுன் அடுப்படியிலிருந்து அமலோற்பவமேரியின் குரல் வந்தது.

“வூடு பூரா ஒட்டடைய ஒட்டுனாங்கம்மா. இங்க மட்டும் கை வக்கல. இது இருக்குறபடியே போதும்னுட்டாங்க.”

தேவசகாயம் காபி டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான்கு தடவை பார்த்த படம். அப்படி ஒரு காட்சி வந்ததே எனக்கு நினைவில்லை. நானும் போனைத்தான் பார்த்திருப்பேன்.

ஆகஸ்ட் 27, புதன்

வீட்டுப் பத்திரத்தை எடுத்துப் படித்தேன். அடுப்படிக்குக் கிழக்கே பொதுச் சந்து. ஜன்னல் வைக்கத் தடை ஏதும் இல்லை. முப்பத்தொரு வருடமாகவே இல்லை.

“ஏன் நீ ஒரு தடவகூட சொல்லல?” என்றேன்.

“சொன்னேன். மழ முடியட்டும்னீங்க.”

எந்த வருடத்து மழை என்று கேட்கத் துணிவு வரவில்லை.

ஆகஸ்ட் 30, சனி

ஜன்னல் வைக்க, கொத்தனார் செந்தில்குமார் அடுப்படிச் சுவரை உடைத்தார். பாதியில் நிறுத்தி, “அக்கா, பேய் இருந்த வூடு இதுதானா?” என்றார்.

“இப்பவும் இருக்கு. தள்ளி நின்னு இடி, மேல தூசி விழுது” என்றாள் இவள்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

இரண்டாம் ஓலை வாசித்தார்கள்.

செப்டம்பர் 7, ஞாயிறு

மூன்றாம் ஓலையும் ஆயிற்று. தடை சொல்ல யாரும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை சுகன்யா என் மனைவியைப் படத்துக்குக் கூட்டிப்போயிருந்தாள். அதைப் பற்றி என்னிடம் ஒரு சொல் இல்லை. இன்று சந்து வழியாக வந்தேன். அமலோற்பவமேரி புது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எதிர்வீட்டு சாந்தாவிடம் படத்தை முழுதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். இருவரும் சிரித்தார்கள். எந்தக் காட்சிக்கு என்று தெரியவில்லை. நான் போனதும் நிறுத்திவிடுவார்களோ என்று சுற்றிக்கொண்டு முன்வாசலுக்குப் போனேன்.

சோறு இரண்டரை மணிக்குத்தான் வந்தது. அதுவரை முன்வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன்.